நம்ம தெருச் சங்கம்: புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

தாம்பரத்தைத் தாண்டி, ஒரு மெயின் ரோடும் ஐந்து குறுக்குத் தெருவுமாக 140 வீடுகள் உள்ள நகர் எங்களுடையது. அதன் குடியிருப்போர் நலச்சங்கத்தில் ஆறு வருடம் செயலாளராக இருந்தேன். புதிதாக வீடு கட்டி வருகிறவர்களும் வாடகைக்கு வருகிறவர்களும் கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைத்துவிட்டேன்.

அபார்ட்மென்ட் சங்கமும் தெருச் சங்கமும் ஒன்றா?

இல்லை. அடுக்குமாடிக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2022-இல் புதிதாக ஒன்று கொண்டுவந்தார்கள். 2024-இல் நடைமுறைக்கு வந்தது. அங்கே ஃபிளாட் வாங்கினாலே நீங்கள் சங்கத்தில் ஓர் ஆள். பராமரிப்புப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். தனி வீடுகள் உள்ள தெருவில் அந்தக் கட்டாயம் கிடையாது. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் குறைந்தது 7 பேர் சேர்ந்து பதிவு செய்வதுதான் நம் வகை. விருப்பப்பட்டவர் சேரலாம், பிடிக்காவிட்டால் விலகலாம்.

டெக்சஸில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த எதிர்வீட்டு மாமா, "அங்கே வாசல் புல்லு கொஞ்சம் வளர்ந்தாலே அசோசியேஷன்லேர்ந்து ஃபைன் நோட்டீஸ் வந்துடும் சார், நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார். அங்கே அந்த நிபந்தனை வீட்டுப் பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பாக்கி வைத்தால் வீட்டின் மேலேயே வில்லங்கம் ஏற்றிவிடுவார்கள். நம்மால் முடிந்தது, மாதம் 200 ரூபாய் சந்தாவுக்கு நாலு தடவை காலிங் பெல் அடிப்பது.

வாடகைக்கு இருக்கிறேன். என்னைச் சேர்ப்பீர்களா?

உங்கள் சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எங்களுடையதில் முதலில் "வீட்டு உரிமையாளர்" என்றுதான் இருந்தது. இருட்டில் நடந்து வருவது வாடகைக்காரரும்தானே, பலகையில் "குடியிருப்போர்" என்று போட்டுவிட்டு உள்ளே உரிமையாளர் மட்டும் என்றால் எப்படி என்று ஒரு டீச்சர் பொதுக்குழுவில் எழுந்து கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. விதியைத் திருத்தினோம். இன்று செயற்குழுவில் பாதிப்பேர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். வேலையும் அவர்கள்தான் அதிகம் செய்கிறார்கள்.

சேர்ந்தால் என்ன வேலை கொடுப்பீர்கள்?

பதவி எதுவும் கேட்காதீர்கள். விளக்குக் கம்பத்தில் ஆரம்பியுங்கள்.

சிரிக்காதீர்கள், நானும் அப்படித்தான் உள்ளே வந்தேன். ஒவ்வொரு கம்பத்திலும் பெயின்டில் ஓர் எண் இருக்கும். ஓர் இரவு எட்டு மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு ஐந்து தெருவும் நடந்தேன். 61 கம்பம், 14 எரியவில்லை, மூன்று மினுக்கியது, ஒன்று பகலிலும் எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு கம்பத்தில் விளக்கு எரிந்தும் பயனில்லை, வேப்பங்கிளை மூடியிருந்தது. "எங்க தெருவே இருட்டா இருக்கு" என்று புகார் சொன்னால் வருகிறவர் எந்தக் கம்பம் என்று தெரியாமல் திரும்பிப் போவார். கம்ப எண்ணோடு பட்டியல் கொடுத்தால் லைன்மேனுக்கும் வேலை சுலபம். பட்டியல் கொடுத்துப் பத்து நாளில் 11 விளக்கு எரிந்தது. மிச்சம் மூன்றுக்கு எட்டு மாதம் ஆனது, அது வேறு கதை.

சங்கத்தின் பாதுகாப்பு வேலையில் முக்கால்வாசி இப்படிச் சலிப்பூட்டும் வேலைதான். கேமராவும் வாட்ச்மேனும் மிச்சக் கால்வாசி. புதிதாக வருகிறவர்கள் அந்தக் கால்வாசியைப் பற்றித்தான் கேட்பார்கள்.

சந்தா கட்டாவிட்டால் என்ன செய்வீர்கள்?

ஒன்றும் செய்ய முடியாது. குப்பை வண்டியை அவர் வாசலில் நிறுத்தாதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை, அது மாநகராட்சி வண்டி. கட்டாதவர் பெயரைப் பலகையில் எழுதலாம் என்று ஒரு வருடம் யோசனை வந்தது, நான் சம்மதிக்கவில்லை. கணக்கைப் பலகையில் எழுதினோம். "மாதம் வரவு இவ்வளவு, கேமரா பழுதுக்கு இவ்வளவு, டீ செலவு 140 ரூபாய்" என்று பைசா சுத்தமாக ஒட்டிய பிறகு இருபது வீடு தானாகக் கட்ட ஆரம்பித்தது. அந்த டீ செலவைத்தான் எல்லோரும் முதலில் படித்தார்கள்.

பதிவு செய்தே ஆக வேண்டுமா?

மனு கொடுக்கப் பதிவு தேவையில்லை, நாலு பேர் கையெழுத்துப் போட்டாலே போதும். பணம் வசூலிக்கப் போகிறீர்கள் என்றால் பதிவு வேண்டும். இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு யாராவது ஒருவரின் சொந்தப் பெயரில் இருக்கும், அவர் வீட்டை விற்றுவிட்டுப் போகும்போது தலைவலி ஆரம்பிக்கும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர், பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு.

பதிவு செய்வது எளிது, காப்பாற்றுவதுதான் பாடு. ஆண்டுக்கணக்கையும் நிர்வாகிகள் மாற்றத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த பல சங்கங்கள் இங்கேதான் செத்தன: ஐந்து வருடம் யாரும் எதையும் தாக்கல் செய்யாமல் விட்டு, பிறகு அபராதம், ஆடிட்டர், அலைச்சல். தீர்மானப் புத்தகத்தை யார் வீட்டில் வைத்திருக்கிறோம் என்பதையும் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதி வையுங்கள்.

கேமரா வைத்துவிட்டால் பயமில்லைதானே?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏ.கே. விஸ்வநாதன் 2017 முதல் 2020 வரை சென்னை மாநகரக் காவல் ஆணையராக இருந்தபோது "மூன்றாவது கண்" என்று தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொன்னார்கள். அந்த அலையில் நாங்களும் வசூல் செய்து எட்டு கேமரா வாங்கினோம். இன்ஸ்பெக்டர் வந்து திறந்துவைத்தார், சமோசா சாப்பிட்டோம், மறந்துவிட்டோம்.

ஒரு மார்கழிக் காலை, ஆறேகால் இருக்கும். மூன்றாவது தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்காவின் செயினை பைக்கில் வந்த இருவர் இழுத்தார்கள். கழுத்தெல்லாம் கீறல். எல்லோரும் கேமராப் பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டி இருக்கும் வீட்டுக்கு ஓடினோம். திறந்தால் திரையில் தேதி 2000 ஜனவரி 1. உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி செத்துப்போய், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. எந்தப் பதிவு எந்த நாளுடையது என்றே தெரியவில்லை. தேடிப் பிடித்தால் மூன்றாவது தெருக் கேமராவின் கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை. இருட்டில் கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சம் வலையில் பட்டு, படம் முழுக்க வெள்ளைத் துணி கட்டியதுபோல் இருந்தது. தெருமுனைக் கேமராவில் பைக் விழுந்திருந்தது. ஆனால் அதைக் கம்பத்தின் உச்சியில் மாட்டியிருந்ததால் இரண்டு ஹெல்மெட்டின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. கடைசியில் போலீஸுக்கு உதவியது மெயின் ரோட்டு டீக்கடைக்காரர் கல்லாவுக்காக வைத்திருந்த கேமரா.

அதற்குப் பிறகு நாங்கள் கற்றது இவ்வளவு. தெருவுக்குள் பத்து கேமரா வைப்பதைவிட, நகருக்குள் நுழையும் இரண்டு வழியிலும் வண்டி எண் தெரியும்படி தாழ்வாக, நெருக்கிப் பார்க்கும் கேமரா ஒன்றொன்று மேல். மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு வீட்டுப் பிள்ளை துணியும் குச்சியும் எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடியைத் துடைக்க வேண்டும், கடிகாரம் சரியா என்று பார்க்க வேண்டும், நேற்றைய இரவுப் பதிவு ஒரு நிமிடம் ஓடுகிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். எத்தனை நாள் பதிவு தங்கும் என்று கேட்டு வையுங்கள். எங்களுடையதில் 15 நாள்தான். பதினாறாம் நாள் வந்து கேட்டவருக்குக் கையை விரித்தோம்.

இன்னொன்று. கேமரா யார் வீட்டு ஜன்னலையும் பார்க்கக் கூடாது. பதிவைப் பார்க்க இரண்டு பேருக்கு மட்டும் கடவுச்சொல். "எங்க வீட்டுப் பொண்ணு நேத்து எத்தனை மணிக்கு வந்தா, யாரோட வந்தா" என்று கேட்டு வந்த அப்பாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. போலீஸ் கேட்டால் எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள். நீதிமன்றத்தில் அந்தப் பதிவு நிற்க, பெட்டியை வைத்திருப்பவர் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். முன்பு 65பி என்பார்கள், புதிய சாட்சியச் சட்டத்தில் அது 63-ஆம் பிரிவு. ஸ்டேஷனிலேயே சொல்லித் தருவார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

வாட்ச்மேன் போடலாமா?

பணம் இருந்தால் போடுங்கள். ஏஜென்சி மூலம் என்றால் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கு உரிமம் இருக்க வேண்டும், நகலைக் கேளுங்கள். அதைவிட முக்கியம், அவருக்கு உட்கார இடமும் கழிப்பறையும் இருக்கிறதா என்பது. எங்கள் முதல் வாட்ச்மேன் அறுபது வயதுக்காரர். பன்னிரண்டு மணி நேர வேலை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மழைக்கு ஒதுங்க ஒரு வீட்டு போர்டிகோ. அந்த வீட்டுக்காரர் கேட்டைப் பூட்டிய இரவில் நனைந்து காய்ச்சலில் விழுந்தார். அவரைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் இருந்தது, தகரக் கூரை போட 9,000 ரூபாய் இல்லை.

முன்பெல்லாம் தடியைத் தட்டி விசில் ஊதிப் போகும் கூர்க்கா போதும் என்று இருந்தோம். அவர் எங்கே இருக்கிறார் என்று நமக்குத் தெரிந்த மாதிரியே திருடனுக்கும் தெரிந்தது.

தெருமுனையில் கேட் போட்டு ராத்திரி பூட்டிவிடலாமே?

கூடாது. மனைப்பிரிவு போட்டபோதே சாலையைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாயிற்று. அது எல்லோருக்கும் பொதுவான சாலை. பூட்டினால் முதலில் மாட்டிக்கொள்வது திருடன் இல்லை, இரவு இரண்டு மணிக்கு வரும் 108 வண்டி.

ஸ்டேஷனுக்குப் போகவே தயக்கமாக இருக்கிறது. எப்படிப் பழகுவது?

பிரச்சினை வருவதற்கு முன்பே ஒருமுறை போய்விடுங்கள். மூன்று பேர், அதில் ஒரு பெண் கட்டாயம். எங்கள் பகுதி எந்த பீட்டில் (ரோந்துப் பிரிவில்) வருகிறது, இரவு ரோந்து யார் என்று கேட்டு வாருங்கள். தெருவில் ஒரு வீட்டுச் சுவரில் பட்டா புத்தகம் (நிலப் பட்டா இல்லை, ரோந்துக் குறிப்பேடு) வைக்கச் சொல்லிக் கேட்கலாம். ரோந்து வருகிறவர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போவார். இப்போது பல இடங்களில் அது செயலிக்கு மாறிவிட்டது. ஆனாலும் சுவரில் ஒரு பெட்டி தொங்கினால் நம் ஜனத்துக்கு ஒரு தெம்பு.

புகார் கொடுத்தால் வெறுங்கையோடு வராதீர்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். திருட்டு, செயின் பறிப்பு போன்றவற்றுக்கு எஃப்.ஐ.ஆர்.தான் போட வேண்டும், அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். "இது எங்க எல்லை இல்ல" என்று சொன்னாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற முடியும். சண்டை போடாமல் இதைச் சொல்லத் தெரிந்த ஓர் ஆள் சங்கத்தில் இருந்தால் நல்லது. எங்களுக்கு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார், குரலை உயர்த்தவே மாட்டார், எழுந்தும் வர மாட்டார்.

ஊருக்குப் போகிறோம். வீட்டை எப்படி விட்டுப் போவது?

ஸ்டேஷனில் பூட்டிய வீடு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், ரோந்தில் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். வாட்ஸாப் குரூப்பில் மட்டும் சொல்லாதீர்கள். 140 வீட்டுக்கும் தெரிந்த விஷயம் 140 வீட்டோடு நிற்காது.

பூட்டிய வீடு என்பதை வாசலே சொல்லிக்கொடுத்துவிடும். கேட்டில் செருகிய மூன்று நாள் பேப்பர், வெயிலில் கிடக்கும் பால் பாக்கெட், கோலம் இல்லாத காய்ந்த வாசல், பகலிலும் எரிகிற போர்டிகோ விளக்கு, வெளியே தொங்கும் பெரிய பூட்டு. எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். அக்கம்பக்கத்தார் ஊருக்குப் போனால் அவர் வாசலோடு சேர்த்து அவர்கள் வாசலையும் தெளித்து நாலு இழைக் கோலம் போட்டுவிடுவார். "ரெண்டு நிமிஷம்டா, மாவு என்னோடதுதான்" என்பார். கேட்டுக்கு உள்பக்கமாகப் பூட்டுங்கள். நகையைக் கட்டில் அடியிலும் அரிசி டப்பாவிலும் வைக்காதீர்கள், அந்த இடங்கள் எல்லாருக்கும் தெரியும். லாக்கர் இல்லாவிட்டால் கையோடு எடுத்துப் போங்கள்.

தெருவில் சந்தேகப்படும்படி யாராவது திரிந்தால்?

என்ன செய்தார் என்று முதலில் உங்களையே கேளுங்கள். "கேட்டை எட்டிப் பார்த்து பூட்டை ஆட்டினார்" என்றால் உடனே 100 அல்லது 112. "லுங்கி கட்டியிருந்தார், வேறு பாஷை பேசினார்" என்றால் அது சந்தேகம் இல்லை, நம் புத்தி.

ஒரு மதியம் எங்கள் குரூப்பில் ஒரு படம் வந்தது. "ரெண்டு தெருவா சுத்தறான், உஷார்." பின்னாலேயே பதினாறு பதில். "பிடிச்சு வைங்க" என்று ஒருவர், "நான் கம்போட வரேன்" என்று இன்னொருவர். நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய் "யார் வேணும் தம்பி?" என்று கேட்டேன். டு-லெட் போர்டு தேடி வந்த பையன். புரோக்கர் கொடுத்த விலாசம் தப்பு. இப்போது இரண்டாவது தெருவில் குடியிருக்கிறார். அந்தப் படத்தை அவர் பார்த்ததில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயிலுக்குப் போன ஒரு சென்னைக் குடும்பம் வழியில் காரை நிறுத்தியது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த வயதான அம்மாவைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். வாட்ஸாப்பில் சுற்றிய வதந்திதான் காரணம். அதனால் எங்கள் குரூப்பில் ஒரே விதி: முன்பின் தெரியாதவர் படம் போடக் கூடாது, போட்டால் அட்மின் நீக்கிவிடுவார். முதல் மாதம் நாலு பேர் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டுப் போனார்கள், பிறகு திரும்பி வந்தார்கள்.

கண்ணெதிரே திருடுகிறவனைப் பிடிக்கலாமா என்றால், பெரிய குற்றமாக இருந்தால் சட்டம் பொதுமக்களுக்கும் அனுமதிக்கிறது. ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைத்துவிட வேண்டும். கட்டி வைத்து அடிப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அடித்தவர்தான் பிறகு கோர்ட்டுக்கு நடப்பார்.

வீட்டுவேலைக்கு வருகிறவர்களின் விவரத்தைச் சங்கம் வாங்கி வைக்கலாமா?

வேலைக்கு வைக்கிற வீட்டுக்காரரே, வருகிறவரின் பெயர், விலாசம், போன் எண் வாங்கி வைத்தால் போதும். ஆதார் நகலைச் சங்கத்தில் குவித்து வைக்காதீர்கள், அதைப் பாதுகாக்க நம்மிடம் பீரோகூடக் கிடையாது. எங்கள் நகரில் வேலை செய்யும் அக்காமார்கள் காலை ஐந்தரைக்கே வந்துவிடுகிறார்கள். ஒருமுறை முதல் தெருவில் ஒரு வீட்டில் புகை வந்ததை முதலில் பார்த்துக் கதவைத் தட்டி எழுப்பியது அவர்களில் ஒருவர்தான்.

தெரு நாய்களை என்ன செய்வது?

பிடித்து எங்காவது கொண்டுபோய் விடுவது சட்டவிரோதம், பயனும் இல்லை. காலியான இடத்துக்கு வேறு நாய் வரும். 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். உணவு வைக்கும் இடத்தைக் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து தள்ளி ஒதுக்குவதை அந்த விதிகள் நலச்சங்கத்தின் பொறுப்பாக்கின. நாய்ப்பிரியர்களும் நாய்க்குப் பயந்தவர்களும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தால் இரவு பதினொன்று ஆகும். தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

மழைக்காலத்தில் சங்கம் என்ன செய்யும்?

2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளம் வந்தபோது எந்த வீட்டு மாடியில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் யாரிடமும் இல்லை. அதைப் பார்த்த பிறகு நாங்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம்: தனியாக இருக்கும் முதியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், டயாலிசிஸ் போகிறவர்கள், மாடி இல்லாத வீடுகள். புரட்டாசி முடிவதற்குள் புதுப்பிப்போம். பொருளாளரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, காகிதத்தில். கரண்ட் இல்லாதபோது போனில் இருக்கும் பட்டியலால் பயனில்லை.

மழைநீர் வடிகாலில் மூடி இல்லாத இடம் தெரிந்தால் போட்டோவோடு மனு. மூடி வரும்வரை நம்மூர் வழக்கப்படி மரக்கிளையை நட்டுவையுங்கள். தண்ணீர் நின்றால் கிளைகூட மூழ்கும், சிவப்புத் துணி கட்டிய உயரக் கம்பு மேல். இ.பி. பில்லர் பாக்ஸ் (தெருவோர மின் இணைப்புப் பெட்டி) திறந்து கிடந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். 2017 மழையில் கொடுங்கையூரில் தண்ணீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் செத்துப்போனார்கள்.

கவுன்சிலரை யார் பார்ப்பது?

கட்சி பார்க்காமல் பேசத் தெரிந்தவர். இப்போது வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதன்முதலாகக் கூட்டினார்கள். அங்கே பேசினால் பதிவாகும். வாசலில் பார்த்துச் சொன்னால் "செஞ்சுடலாம் சார்" என்பதோடு முடியும்.

சங்கத்துக்குள்ளேயே சண்டை என்கிறார்களே?

ஆமாம்.

எதற்கு எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும்?

காவல் துறைக்கு 100 அல்லது 112. தீயணைப்பு 101. ஆம்புலன்ஸ் 108. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567. இணையத்தில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930. மின்சாரப் புகாருக்கு மின்னகம், 94987 94987. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் குப்பை, விளக்கு, வடிகாலுக்கு 1913. எங்களைப் போல அதற்கு வெளியே இருப்பவர்கள் தங்கள் மாநகராட்சி எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளவும். இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், பாட்டியின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில்.